ஆட்டத்தைப் பதித்து வைக்கும் ஏடு



பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் கணிப்பொறி விளையாட்டைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே வியப்புத்தான். சென்ற கோடை விடுமுறை வரையில் ‘கோடெக்’ என்னும் சொல்லை நான் காதால் கேட்டவனல்லன். காட்சியைக் குறிகளாகச் சுருக்கி எழுதும் முறை, அக்குறிகளை மீண்டும் காட்சியாக விரிக்கும் முறை ஆகிய இரண்டுக்கும் சேர்த்து இட்ட பெயர் அது. அதனைத் தேர்வதில் ஏற்பட்ட பிழையால் எங்கள் வீட்டில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் அழிந்து போயிற்று. அதன் பின்னரே இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நடந்தது இதுதான். அயல்நாட்டில் பணி செய்யும் என் மகன் இரண்டு வார விடுப்பில் பாடிக்கு வந்திருந்தான். தான் சிறுவனாக இருந்தபோது ஆடிய ‘பாரசீக இளவரசன்’ என்னும் விளையாட்டைத் தன் மகனுக்குக் கற்றுக் கொடுத்தான். ஜோர்டான் மெக்னர் என்பவர் 1989இல் வெளியிட்ட விளையாட்டு அது. அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்டாக வேண்டும் என்பது அதன் விதி. தந்தையும் மகனும் தோளோடு தோள் உரச அமர்ந்து, ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் கை கொடுத்து ஆடினார்கள். அவர்களுடைய பேச்சும் சிரிப்பும் உட்பட யாவும் பதிவாகிக் கொண்டிருந்தன. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. மின்சாரம் வந்தபின் பார்த்தால், பதிவுக் கோப்பு வட்டில் இருந்தது. ஆனால் திறக்க மறுத்தது. பையன் அழவில்லை. ‘பரவாயில்லை தாத்தா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் சுருக்கி எழுத வேண்டும், உள்ளதை உள்ளபடியே எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஆகையால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இக்காலத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு. நொடிக்கு அறுபது படங்கள். பெருக்கினால் நொடி ஒன்றுக்கு 37 கோடிப் பைட்டுக்கு மேல் வருகிறது; ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1,34,000 கோடி. எந்தக் களஞ்சியம் இதற்குப் போதும்?

சுருக்குதல் நமக்குப் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் மேல் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டியதும் அப்புள்ளிதான். ஆகவே ஏட்டில் ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். நெருப்பா, நீரா என்பதைப் படிப்பவன் இடம் நோக்கி உணர்ந்து கொள்ள வேண்டும்! பின்னாளில் வீரமாமுனிவர் எழுத்திலேயே வேறுபாடு செய்து இந்த இடரைப் போக்கினார். படிப்பவன் தானே நிரப்பிக் கொள்வான் என்று நம்பி விட்டுவிடுவது ஒரு முறை; ஒன்றையும் விடாமல் சுருங்க எழுதுவது மற்றொரு முறை. கோடெக்குகளிலும் இவ்விரண்டு குலங்களே உள்ளன.

ஒன்றையும் விடாத குலத்துக்கு மூலவர் ஒரு மாணவர் என்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. 1951இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ, இறுதித் தேர்வு எழுதுவதற்கு மாற்றாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று தம் மாணாக்கருக்குச் சலுகை தந்தார். மிகச் சிக்கனமான குறியீட்டு முறையைக் காண வேண்டும் என்பது கட்டுரைக்குரிய வினா. ஆசிரியராலேயே முழுமையாக விடுவிக்க இயலாதிருந்த வினா அது என்பது டேவிட் ஹஃப்மன் என்ற மாணவருக்குத் தெரியாது. அவர் விடுவித்துவிட்டார், 1952இல் அது அச்சேறியது. அடிக்கடி வருவதற்குச் சிறிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி என்பதே அதன் சாரம். 1977இல் லெம்பெல், சிவ் என்னும் இருவர், முன்பே வந்த தொடர் மீண்டும் வந்தால் ‘மேலே காண்க’ என்று சுட்டிவிடும் முறையைச் சேர்த்தனர்.

விட்டுவிடும் குலத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, ‘கோசைன்’ அலைகளைக் கொண்டு படத்தைப் பகுத்துச் சுருக்கலாம் என்று கருதினார். 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் அவர் பொருளுதவி வேண்டினார். கருத்து மிக எளியது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். எளிமையே குற்றமாயிற்று! அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் ஆராய்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். இவர்களுள் ராவ் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்றவர். பாடி மேம்பாலத்திலிருந்து நூறடிச் சாலையில் தெற்கே சென்றால் கிண்டி வந்துவிடும். அவ்வழியில் போகும்போதெல்லாம் இப்போது அவர் நினைவு எனக்கு வருகிறது.

படத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலை, விரைந்து மாறும் அலை என்று பகுக்கின்றனர். விரைந்து மாறும் நுண்மைகளில் கண்ணுக்குப் புலப்படாதவற்றைத் துறந்துவிடலாம். 1988இல் எச்.261, 1992இல் ஜேபெக், பின்னர் வீடியோ சிடியில் இருந்த எம்பெக், 2003இல் வந்த எச்.264 ஆகிய யாவற்றுக்கும் இதுவே அடித்தளம். முந்தைய படத்திலிருந்து எது நகர்ந்தது என்பதை மட்டும் எழுதும் உபாயமும் இவற்றுள் உண்டு. அண்மையில் 2018இல் வந்த ஏ.வி.1 இன்னும் சிக்கனமானது. ஆனால் சிக்கனம் மிகுந்தால் உழைப்பும் மிகும். விளையாட்டை நடத்திக் கொண்டே பதிவையும் செய்யும் கணிப்பொறிக்கு மூச்சு முட்டும். 2000ஆம் ஆண்டுகளில் பலரும் கையாண்ட ஃப்ராப்ஸ் இதனால்தான் குறைவாகவே சுருக்கி, பெரும் பெரும் கோப்புகளை வட்டில் கொட்டியது. பின்னர் இதற்கென்றே தனி உறுப்பு சில்லுகளில் வந்துவிட்டதால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது.

இவ்விரண்டில் எதைக் கொள்வது? காட்சியின் இயல்பைப் பொறுத்தது என்பது என் துணிபு. புல்லும் புகையும் அசையும் இக்காலத்து விளையாட்டுகளுக்கு எச்.264 போன்றவை போதும். விட்டது எது என்று கண் தேடாது. பழைய விளையாட்டின் இயல்பு வேறு. பாரசீக இளவரசனின் திரை 320க்கு 200 புள்ளிதான். ஒவ்வொரு புள்ளியும் ஓவியன் கையால் வைத்தது. ஓரங்கள் கத்தி முனை போன்றவை. அலையாகப் பகுத்து நுண்மையைத் துறந்தால் அந்த ஓரந்தான் முதலில் மழுங்கும். மேலும் வழக்கமான பதிவில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறம் என்று நிறத்தைப் பங்கிடுகிறார்கள். சிவந்த எழுத்துக்கள் கருந்தரையில் குங்குமம் கரைந்தாற்போல் வழியும். ஆனால் அதே திரையில் பெரும்பகுதி அசையாது நிற்பதாலும் நிறங்கள் சிலவே ஆனதாலும், ஒன்றையும் விடாத முறையே இங்குச் சிறிய கோப்பைத் தந்துவிடுகிறது. பழைய விளையாட்டுகளை இயக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்கென ஆக்கிய கோடெக், நகர்ந்த கட்டங்களைத் தேடி, மீதியை ஹஃப்மன், லெம்பெல், சிவ் வழியில் சுருக்குகிறது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சதுரங்கத்தை யாரும் படம் பிடித்தா வைத்தார்கள்? காய் நகர்த்தலை எழுதி வைத்தார்கள். தாள் ஒன்றில் ஆட்டம் முழுவதும் அடங்கிற்று. 1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டும் ஆடுபவனின் கட்டளைகளை மட்டும் நொடிக்கு 35 முறை, முறைக்கு நான்கு பைட்டாக எழுதிக் கொண்டது. நொடிக்கு 140 பைட்டு! இதற்கு நிகரான சிக்கனம் ஏது? ஆயினும் விளையாட்டின் அதே பதிப்பு இருந்தால்தான் அது மீண்டும் உயிர் பெறும். தந்தையும் மகனும் சிரித்த சிரிப்பும் அதில் இராது.

எங்கள் கோப்பு திறக்காமற் போனதற்குக் காரணம் கோடெக்கே அன்று என்பதையும் பிறகு அறிந்தேன். கோடெக் எழுத்து என்றால், அதனைத் தாங்கும் கோப்பு வகை ஏட்டுக்கட்டு போன்றது. எம்.பி.4 என்னும் கட்டு, எது எங்குள்ளது என்ற அட்டவணையைப் பொதுவாகப் பதிவு முடிந்த பின்னரே எழுதும். நடுவில் மின்சாரம் நின்றால் ஏடுகள் இருக்கும், அட்டவணை இராது. எம்.கே.வி. என்னும் கட்டோ, எழுதியவரையில் படிக்கக் கிடைக்கும். தேர்ந்தவன் நான், மின்வெட்டு தெரியாத ஊரில் வாழ்பவன் போலத் தேர்ந்துவிட்டேன்.

மகன் புறப்படுவதற்கு முந்தைய மாலை மீண்டும் ஆடினார்கள். இம்முறை படத்தை இருமடங்காக்கி, நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற பங்கீடு கெடுக்காதபடி செய்து, எச்.264இலேயே உள்ள ஒன்றையும் விடாத முறையில், எம்.கே.வி. கட்டில் பதித்தோம். அம்முறைப் பதிவு எல்லாக் கைப்பேசியிலும் ஓடாது. ஆகவே மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, சாதாரண எச்.264இல் ஒரு படி எடுத்து மகனிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் முறையும் அவர்கள் இளவரசியை மீட்கவில்லை, நேரம் கடந்துவிட்டது. ‘அடுத்த விடுப்பில் பார்த்துக் கொள்ளலாம்டா’ என்று மகன் சொல்வதும், ‘சரிப்பா’ என்று பேரன் சொல்வதும் அதன் கடைசியில் தெளிவாகக் கேட்கின்றன.