இரண்டு பெயர்கள்

வெள்ளகோவிலில் எனக்குத் தெரிந்த ஒருவர் விசைத்தறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் அவருக்கு ஒரு பெயர். தறிக்குடோனிலும் ரேஷன் கார்டிலும் ஜாதிச் சான்றிதழிலும் வேறொரு பெயர். கிறிஸ்தவனாக ஆவது என்றால் என்ன என்று யோசிக்கும்போது வேதவசனங்களுக்கு முன்னால் இந்த இரண்டு பெயர்கள்தான் எனக்கு நினைவு வருகின்றன.

இரண்டு பெயர்களோடு வாழ்ந்த இன்னொருவரை நமக்குத் தெரியும்: ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். சாயர்புரம் மிஷனில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். புதுப்பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது. கிருஷ்ணனும் போகவில்லை, பிள்ளையும் போகவில்லை.

1894இல் வந்த 'இரட்சணிய யாத்திரிக'த்துக்கு மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூல். பனியன் ஊர் ஊராய்ப் பாத்திரம் பழுதுபார்த்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்து சிறையில் கிடந்தவர். அவருடையது கடைத்தெரு ஆங்கிலம். கிருஷ்ண பிள்ளையிடம் அது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களாயிற்று. 'கிறிஸ்தவக் கம்பர்' என்பதைப் பாராட்டாகவே சொல்லி வருகிறோம். எனக்கு அதில் சங்கடம் உண்டு. தெய்வம் மாறிற்று, காது மாறவில்லை. ராமனுக்கு உருகிய ஓசையிலேயேதான் அவரால் கிறிஸ்துவுக்கும் உருக முடிந்தது. இது குறையல்ல; மதம் மாறுகிறவன் மொழியையும் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. காவியம் பல இடங்களில் கனத்து அயர வைக்கிறது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்கள்தான் உயிரோடிருக்கின்றன. (வைஷ்ணவராய்ப் பிறந்தவர் இதற்குச் சைவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டது தனியாக யோசிக்க வேண்டியது.)

ஆனால் 'பிள்ளை' என்பது ஓசை சம்பந்தப்பட்டதல்ல. நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமானார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோதுதான் 'பிள்ளை' விடப்பட்டது. இரத்தசாட்சியின் பெயரிலிருந்து ஜாதி உதிர 270 வருஷம்!

கௌரவம் தரும் ஜாதிப்பெயர் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் செலவில்லாமல் கூட வருகிறது. என் தறிக்கார நண்பருக்கு அப்படியல்ல. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி ஹிந்து அல்லாதவர் பட்டியல் ஜாதியினர் ஆகமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தெருவில் யாரும் அவரை அப்படி நகர்த்துவதில்லை. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், சர்ச்சுக்குத் தவறாமல் போகிற ஒரு புதுச்சேரிப் பெண், வேலைக்காகத் தன்னை ஹிந்து என்று சொல்லிக்கொள்வதை அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. விசுவாசம் அந்தரங்கமானது என்று நாம் எழுதுகிறோம். அதற்குச் சாட்சி கேட்கும் இடமாகத் தாலுகா ஆபீஸ் இருக்கிறது.

போன மாதம் நண்பர் மகனுடைய கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தார். எழுத்து வராது, நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"பழைய பேருக்கு உண்டானதையே போட்ருங்க. ரெண்டு பேரும் என்னுதுதானுங்க," என்றார்.

ஹிந்து என்று எழுதினேன். அவர் வாங்கி, கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு பெயரை மட்டும் அவருக்கு எழுதத் தெரியும்.