சிக்கல் எந்த இடத்தில்?

மலச்சிக்கல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல கோளாறுகளுக்கு நாம் இட்டிருக்கும் பொதுப்பெயர் அது. வயிற்றுவலி என்றால் வலி எதனால் என்று தெரியாதல்லவா? இதுவும் அப்படித்தான். இவ்வுண்மை தெளிவாகு முன் பலர் தம் பெருங்குடலையே இழந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. குடலில் தேங்கும் மலம் நஞ்சாகிறது, அந்நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் கெடுக்கிறது என்பதே அது. பிரான்சில் பூஷார் என்ற மருத்துவர் இதைப் பரப்பினார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாவும் பெருங்குடலால் மனிதனுக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று கருதினார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்பத்நாட் லேன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். எலும்பு முறிவைத் தகடு வைத்துப் பொருத்துவதில் புகழ்பெற்ற, கைதேர்ந்த அறுவை மருத்துவர் அவர். முதலில் பெருங்குடலைச் சுற்றிக் குறுக்குவழி அமைத்தார். பின்னர் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். சிலர் நலம் பெற்றனர், சிலர் இறந்தனர். யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்று முன்கூட்டியே அறிய அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை.

அளவுகோலைத் தந்தது இயற்பியல். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு இறுதிக்குள், அமெரிக்காவின் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், விலங்குகள் இரையை விழுங்குவதை அக்கதிர்களின் உதவியால் பார்க்கத் தொடங்கிவிட்டார். குடலும் உணவும் எக்ஸ் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால், படத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அணு எண் மிகுந்த தனிமங்கள் இக்கதிர்களை நன்கு விழுங்கும். பிஸ்மத்தின் அணு எண் 83. எனவே பிஸ்மத் உப்பை இரையில் கலந்து கொடுத்தார் கேனன். உயிருள்ள விலங்கின் வயிறும் குடலும் அசைவது கத்தியின்றியே தெரிந்தது.

இம்முறையை மலச்சிக்கலுக்குப் பயன்படுத்தியவர் ஆர்தர் ஹெர்ட்ஸ். (மின்காந்த அலைகளைக் கண்ட ஹெர்ட்ஸ் வேறு, இவர் 1916-இல் தம் பெயரை ஹர்ஸ்ட் என மாற்றிக்கொண்டார்.) இவரும் லேன் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர் என்பது வேடிக்கை. பிஸ்மத் கலந்த உணவு நலமுள்ளவர் உடலில் எத்தனை மணியில் எவ்விடத்தை அடைகிறது என்று குறித்துக்கொண்டு, நோயாளிகளோடு அதை ஒப்பிட்டார். 1909-இல் வெளியான தம் நூலில் மலச்சிக்கலை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் பெருங்குடல் நெடுகிலும் பயணம் மெதுவாகிறது. மற்றொன்றில் மலக்குடல்வரை எல்லாம் நேரத்தோடு வந்து சேர்கிறது. கடைசி வெளியேற்றம் மட்டும் நடைபெறவில்லை. ரயில் தாமதம் என்கிறோம். வழியெல்லாம் ஊர்ந்து வந்த வண்டியும் தாமதம்தான். விரைந்து வந்து கைகாட்டி இறங்காமல் நிலையத்துக்கு வெளியே நிற்கும் வண்டியும் தாமதம்தான். இரண்டுக்கும் ஒரே பரிகாரம் உண்டா?

நஞ்சுக் கொள்கையும் இதற்குள் ஆட்டங்கண்டது. 1919-இல் அமெரிக்க மருத்துவர் அல்வாரெஸ், தலைவலியும் சோர்வும் மலக்குடல் விரிவதால் நரம்புகள் வழியே எழுபவை என்று வாதிட்டார். 1922-இல் டொனால்ட்சன் அதைச் சோதித்தார். மலக்குடலில் பஞ்சை அடைத்தபோதும் அதே தொல்லைகள் தோன்றின. பஞ்சில் நஞ்சேது? மேலும், மலம் கழிந்தவுடனே தலைவலி தீர்ந்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்த நஞ்சு அத்தனை விரைவில் மறையாது. என் பார்வையில் இந்த எளிய வாதத்துக்கு ஈடாக வேறொன்று சொல்வதற்கில்லை. ஆனால் பேதி மருந்து விளம்பரங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெடுங்காலம் கழித்து 1969-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹின்டன், லெனார்ட்-ஜோன்ஸ், யங் ஆகியோர் மிக எளிய முறை ஒன்றை வகுத்தனர். எக்ஸ் கதிரைத் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் 20-ஐ விழுங்கச் செய்து, பிறகு எண்ணுவதுதான் அது. நலமுள்ளவர்களிடம் ஐந்தாம் நாளுக்குள் 80 விழுக்காடு வெளியேறிவிட்டது. மிகுதித் துண்டுகள் பெருங்குடல் முழுவதும் சிதறிக் கிடந்தால் குடலின் மந்தம். மலக்குடலருகே குவிந்திருந்தால் வாயிலில் தடை. துண்டுகள் எல்லாம் உரிய நேரத்தில் வெளியேறியும் மலச்சிக்கல் என்று வருந்துவோர் மூன்றாம் வகை. இவர்களுள் பலருக்கு நார்ச்சத்தை மிகுத்தாலே குணம் தெரியும். மந்தக் குடலுடையோருக்கு அதே தவிடும் கீரையும் வயிற்று உப்புசத்தைக் கூட்டக்கூடும். "நிறையக் கீரை சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காத மர்மம் பெரும்பாலும் இதுதான்.

துண்டுகளின் சிதறலை மட்டும் நம்பிவிடவும் கூடாது. வாயில் அடைபட்டால் பின்னால் வருவதும் மெதுவாகும். எனவே வாயிலைத் தனியே சோதிக்க வேண்டும். 50 மில்லிலிட்டர் நீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, வெளியேற்றச் சொல்வார்கள். இயல்பானவர் ஓரிரு நிமிடத்தில் வெளியேற்றுவார். முடியாதவர்களுள் பலருக்குத் தளர வேண்டிய தசை முக்கும்போது இறுகுகிறது என்று 1985-இல் பிரெஸ்டனும் லெனார்ட்-ஜோன்ஸும் காட்டினர். இதற்குக் கத்தியும் வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். தசையின் இறுக்கத்தைக் கருவியில் நோயாளிக்கே காட்டித் தளர்த்தப் பழக்குகிறார்கள்.

இச்சோதனைகள் எல்லோருக்கும் முதல் நாளே செய்யப்படுபவை அல்ல. இரும்புச்சத்து மாத்திரை, அபின் சார்ந்த வலிமருந்து, தைராய்டு குறைவு, குடற்கட்டி ஆகியவை காரணமா என்பதை மருத்துவர் முதலில் பார்ப்பார். மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, நடுவயதுக்குப் பின் திடீரென வந்த மாற்றம் ஆகியவை இருந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தலாகாது.

லேன் செய்த அறுவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. குடல் மந்தம் மிகக் கடுமையாக இருந்து, மருந்து எதற்கும் மசியாத மிகச் சிலருக்கு இன்றும் பெருங்குடலை அகற்றுகிறார்கள். அதற்கு முன் துண்டுகளை எண்ணுகிறார்கள். வாயில் திறக்கிறதா என்று பலூனை வைத்தும் பார்க்கிறார்கள்.