ஒரு குதிரைப் பல்லின் உறவினர்

திருத்தணிப் படிகளில் ஏறுவோர் பலர். அதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை நாடுவோர் சிலரே. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர் அது. கருவிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நம் மனத்தை ஈர்ப்பவை, சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் நடத்திய அகழாய்வில் கிடைத்த மூன்று விலங்குப் பற்களே. ஒன்று நீரெருமையினுடையது, ஒன்று நீலான் மானினுடையது, மற்றொன்று குதிரையினத்தது. மூன்றே பற்கள்! ஆயினும், அந்நிலம் ஒருகாலத்தில் ஈரம் நிறைந்த திறந்தவெளியாக இருந்ததற்கு அவை சான்று பகர்கின்றன.

குதிரைக்கு உறவு எது? கழுதையை விட்டுவிட்டால் காண்டாமிருகமும், மலேயாக் காடுகளில் வாழும் டேபிரும். குறுந்துதிக்கையும் வெண்முதுகும் கொண்ட டேபிர், பார்வைக்குப் பன்றி. பிறப்பால் குதிரையின் பங்காளி. அதற்கு முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று, குதிரைக்கோ ஒன்றே.

இம்மூவரின் மூதாதையருக்கு மிக நெருங்கிய, அழிந்துபோன கேம்பேதீரியம் என்னும் விலங்கின் எலும்புகள் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தன. 2005-இல் அதற்குப் பெயரிட்டனர். அதன் வயது ஏறத்தாழ 5 கோடியே 45 இலட்சம் ஆண்டுகள். அந்நாளில் இந்தியா ஆசியாவோடு முழுமையாக இணைந்திருக்கவில்லை. ஆகவே இக்குடும்பம் இம்மண்ணிலேயே தோன்றியிருக்கலாம் என்பார் உளர். குதிரையினமோ பின்னர் வட அமெரிக்காவில் உருப்பெற்று, ஆசியாவைக் கடந்து, 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொற்றலையாற்றங்கரையில் தன் பல் ஒன்றை விட்டுச் சென்றது.