பயண டிரெய்லரின் வயரிங் வரைபடம்

பயண டிரெய்லர் என்பது கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படுவதும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகியவற்றைத் தன்னுள் கொண்டதுமான, எஞ்சின் இல்லாத சக்கர வீடாகும். வட அமெரிக்காவில் இவ்வண்டிகள் பல பத்தாண்டுகள் உழைப்பதும் அடிக்கடி கைமாறுவதும் இயல்பாகையால், பழைய டிரெய்லர் ஒன்றின் சுவருக்குள் எந்தக் கம்பி எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்பதைத் தேடிக் கண்டு தாளில் பதிவது தனியொரு வேலையாகவே வளர்ந்துள்ளது. அப்பதிவே வயரிங் வரைபடம் எனப்படுகிறது. தயாரிப்பாளர் தந்த படம் கைவசம் இருந்தாலும், அது அந்த மாதிரியின் பொது அமைப்பைக் காட்டுமேயன்றி, பின்வந்த உரிமையாளர்கள் சேர்த்த ரேடியோவையோ மின்விசிறியையோ, வெட்டிவிட்டு டேப் சுற்றி மறைத்த கம்பி முனையையோ காட்டாது. ஆகவே வரைபடத்தின் நோக்கம் வண்டி எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதன்று, இன்று எப்படி இருக்கிறது என்பதே. இவ்வரைபடங்களில் பரவலாகக் காணப்படும் குறை ஒன்று உண்டு. மின்சாரம் வரும் வழியைக் கவனமாக வரைபவர், அது திரும்பும் வழியை ஓர் எர்த் குறியோடு முடித்துவிடுகிறார்; விளக்கு மங்குதல், பிரேக் தளர்தல் முதலிய கோளாறுகளோ பெரும்பாலும் அந்தத் திரும்பு வழியில்தான் பிறக்கின்றன.

கூடும் கம்பித் தடமும்

வரைபவர் முதலில் அறிய வேண்டியது கூட்டின் கட்டுமானம். மரச்சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளில் கம்பிகள் சட்டத்தின் துளைகள் வழியாகச் சுவருக்குள் ஓடுகின்றன. உட்பலகையை அடிக்கும் ஸ்டேபிள் ஊசி ஒன்று காப்புறையைத் துளைத்துவிட்டால், அக்கோளாறு பலகையைக் கழற்றும்வரை வெளிப்படுவதில்லை. 1936இல் 'கிளிப்பர்' மாதிரியுடன் புகழ்பெற்ற ஏர்ஸ்ட்ரீம் போன்ற வண்டிகளில் ரிவெட் அடித்த உள், வெளி அலுமினியத் தகடுகளுக்கு இடையே கம்பி செல்வதால், தகட்டின் கூரிய விளிம்பு உரசும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் உள்ளதா என்பதும் குறிக்கத்தக்கது.

1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான 'போலர்' என்னும் 13 அடி டிரெய்லரும் அதன் வழிவந்தவையும் வேறு இனம். மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாக வார்த்த கண்ணாடியிழைக் கூடுகளை இடையில் ஒட்டி முட்டை வடிவில் செய்யப்படும் இவற்றில் சுவருக்குள் வெற்றிடமே இல்லை என்பதால், கம்பிகள் அலமாரிகளின் பின்புறமும் இருக்கைப் பெட்டிகளுக்குள்ளும் உட்புறத் துணியுறையின் அடியிலும் செல்கின்றன. தேடுவதற்கு இது வசதிதான். ஆனால் கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. வாகன மின்பணியாளர் 'பாடி எர்த்' என்று சொல்லி உடற்தகட்டையே திரும்பு வழியாகக் கொள்ளும் வசதி இங்கு கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு திரும்பு கம்பி இருந்தே தீரும், வரைபடத்திலும் அது இடம்பெற்றே தீர வேண்டும்.

மூன்று மின்வாய்கள்

சிறிய டிரெய்லருக்கு மின்சாரம் மூன்று வாயில்களால் வருகிறது. முதலாவது இழுக்கும் வண்டி; இரண்டாவது டிரெய்லரின் முன்கழுத்தில் அமர்ந்துள்ள 12 வோல்ட் பேட்டரி; மூன்றாவது முகாம் தளத்தில் கம்பத்தில் கிடைக்கும் 120 வோல்ட் மாறுமின்னோட்டம். இந்தியாவின் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியே ஆயினும் இதுவும் உயிர் குடிக்க வல்லது. வட அமெரிக்கச் சிறு டிரெய்லர்கள் பொதுவாக 30 ஆம்பியர் மூன்றுகாற் பிளக்கை உடையவை. எனவே வண்டி முழுவதும் ஒரே நேரத்தில் பெறக்கூடிய உச்ச அளவு 3,600 வாட்.

வெளிமின்சாரமும் பேட்டரி மின்சாரமும் சந்திக்கும் இடம் கன்வர்ட்டர் எனப்படும் கருவி. 120 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் சுமார் 13.6 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி, விளக்குகளையும் நீரேற்றியையும் இயக்குவதோடு பேட்டரியையும் அது நிரப்புகிறது. பழைய கன்வர்ட்டர்கள் பேட்டரி நிறைந்த பின்னும் அதே அழுத்தத்தைத் தந்துகொண்டிருந்து அமிலநீரை வற்றச் செய்தன; புதியவை 14.4, 13.6, 13.2 வோல்ட் எனப் படிப்படியாக இறங்குபவை. எது பொருத்தப்பட்டுள்ளது என்பதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைப்பது பின்னர் பேட்டரி மாற்றுபவருக்குப் பயன்படும். மின்வழிகள் சந்திக்கும் இத்தகைய இடங்களிலிருந்து வெளிநோக்கி வரையத் தொடங்குவதே சிறந்த முறை. விளக்கு ஒன்றிலிருந்து உள்நோக்கித் தொடங்குபவர் முதல் சந்திப்புப் பெட்டியிலேயே தடம் தவறுவார்.

ஏழுமுனை இணைப்பும் நிறங்களின் குழப்பமும்

இழுக்கும் வண்டியையும் டிரெய்லரையும் இணைப்பது ஏழு முனைகள் கொண்ட வட்டப் பிளக். பின்விளக்கு, இடத்திருப்பம், வலத்திருப்பம், மின்பிரேக், பேட்டரிக்கு மின்னூட்டம், பின்னோட்ட விளக்கு ஆகிய ஆறு பணிகளுக்கு ஒவ்வொரு முனையும், அவை அனைத்தின் பொதுத் திரும்பு வழிக்கு ஒரு முனையும் அதில் உண்டு. இம்முனைகளை வட்டத்தில் வரையும்போது பிளக்கின் முகத்தைப் பார்த்து வரைந்ததா, சாக்கெட்டின் முகத்தைப் பார்த்து வரைந்ததா என்று எழுதாவிட்டால் படம் பயனற்றுப் போகிறது. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் என்பதோடு, பிளக்கைத் திறந்து பின்புறத் திருகுகளைப் பார்க்கும்போது இடவலம் மீண்டும் மாறிவிடும்.

நிறங்களிலும் இரண்டு மரபுகள் மோதுகின்றன. பயண டிரெய்லர்த் தொழிலின் மரபில் பச்சை பின்விளக்குக்கும், சிவப்பு இடத்திருப்பத்துக்கும், பழுப்பு வலத்திருப்பத்துக்கும், மஞ்சள் பின்னோட்ட விளக்குக்கும் உரியவை. படகு டிரெய்லர், சரக்கு டிரெய்லர் ஆகியவற்றில் வழங்கும் வாகனப் பொறியாளர் மரபிலோ பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடத்திருப்பம், பச்சை வலத்திருப்பம். இரண்டிலும் வெள்ளை திரும்பு வழி, நீலம் பிரேக் என்பது பொது. அறுந்த வடத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய வடத்தை நிறத்துக்கு நிறம் ஒட்டிவிட்டால், வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடும்போது பின்விளக்குகள் கண்சிமிட்டும்.

இதனினும் ஆபத்தான குழப்பம் கறுப்பு, வெள்ளை நிறங்களில் உள்ளது. அமெரிக்க வீட்டு வயரிங்கில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். டிரெய்லரின் 12 வோல்ட் பகுதியிலும் கறுப்பே நேர்முனை, வெள்ளையே எதிர்முனை. கார்களிலோ கறுப்பு எதிர்முனை. காருக்குப் பழகிய கை, டிரெய்லர் பேட்டரியை மாற்றும்போது கறுப்பைத் தயங்காமல் எதிர்முனையில் மாட்டிவிடுகிறது. மறுகணமே கன்வர்ட்டரில் இதற்கென்றே வைக்கப்பட்டுள்ள முனைமாற்றக் காப்பு ஃபியூஸ்கள் எரிந்துபோகின்றன. அதைவிட மோசமானது, ஒரே அலமாரிக்குள் 120 வோல்ட் கறுப்பும் 12 வோல்ட் கறுப்பும் அடுத்தடுத்துக் கிடப்பது. படகுத் தொழிலின் அமெரிக்கத் தரக்குழு இதற்காகவே நேர்மின்னோட்ட எதிர்முனைக்கு மஞ்சளைப் பரிந்துரைக்கிறது. டிரெய்லர்த் தொழில் அவ்வழியைப் பின்பற்றவில்லை என்பது வருந்தத்தக்கதே. இந்நிலையில் வரைபவர் நிறத்தைச் சான்றாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டுமே கொண்டு, கம்பியின் இரு முனைகளையும் மீட்டரால் சோதித்து, இரண்டிலும் ஒரே எண்ணை ஒட்டி, அந்த எண்ணையே படத்தில் எழுதுதல் வேண்டும்.

வரையும் முறை

இரண்டு படங்கள் தேவை. மின்சாரம் எவ்வரிசையில் எவற்றின் வழியே செல்கிறது என்பதைக் கோடுகளால் காட்டும் சுற்றுப்படம் ஒன்று. தரைப்படத்தின்மேல் கம்பி உண்மையில் எந்த மூலை வழியாகப் போகிறது என்பதைக் காட்டும் தடப்படம் மற்றொன்று. ஒன்றே இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டுமே தெளிவிழக்கும்.

முதலில் வெளிமின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை மட்டும் இணைத்து, 12 வோல்ட் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எவை அணைகின்றன என்று எழுதுவர். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர் என்னும் தகட்டு ஃபியூஸ்களின் நிறக்குறி இங்கு உதவும். ஆனால் மெல்லிய கம்பியின் தலையில் பச்சை ஃபியூஸ் செருகப்பட்டிருப்பின், முன்பு யாரோ எரிந்துகொண்டே இருந்த ஃபியூஸுக்குத் தவறான மருந்து கண்டிருக்கிறார் என்று பொருள். அமெரிக்க அளவுமுறையில் 14ஆம் எண் கம்பிக்கு 15 ஆம்பியர், 12ஆம் எண்ணுக்கு 20, 10ஆம் எண்ணுக்கு 30 என்பது வழக்கமான உச்சவரம்பு. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்.

எல்லா ஃபியூஸ்களையும் கழற்றிய பின்னும் உயிரோடிருப்பவை சில உண்டு. எரிவாயுக் கசிவுணரி பல வண்டிகளில் பேட்டரிக்கே நேராக இணைக்கப்பட்டிருக்கும். கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்து ஓடினால் கம்பிக் கயிற்றால் ஊசி இழுபட்டு பேட்டரியைப் பிரேக்குகளோடு இணைக்கும் பிரிவுநிலைச் சுவிட்ச், முதன்மை அணைப்புச் சுவிட்சின் வழியாகச் செல்லவே கூடாது. சென்றால், அணைத்து வைத்த வண்டியில் பிரேக் பிடிக்காமல் போய்விடும். இத்தகைய நேர் இணைப்புகளைத் தனி நிறத்தில் வரைவது நல்ல வழக்கம். சுவருக்குள் மறைந்த கம்பியைத் தேட, ஒரு முனையில் ஒலிக்குறியைச் செலுத்தி மறுபுறம் உணர்கோலால் கேட்கும் கருவி பயன்படுகிறது. மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட பின்னரே அதனை இணைக்க வேண்டும். கண்டினியூட்டி சோதனையின்போது பல்புகளைக் கழற்றாவிட்டால் அவற்றின் இழை வழியே மீட்டர் ஒலித்து, நேர்முனைக் கம்பியும் திரும்பு கம்பியும் ஒன்றே என்று தோன்றச் செய்யும்.

120 வோல்ட் பகுதியின் படம் சிறியது: பிளக், சர்க்யூட் பிரேக்கர்கள், நான்கைந்து சாக்கெட்டுகள், கன்வர்ட்டர், இருந்தால் குளிரூட்டி. அமெரிக்கத் தேசிய மின்நெறியின் 551ஆம் பிரிவு இவ்வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. அதன்படி டிரெய்லருக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கும் இணையலாகாது, அவை சேர்வது வெளியே மின்சாரம் வழங்கும் இடத்தில் மட்டுமே. வீட்டு முதன்மைப் பலகையில் இரண்டையும் சேர்த்தே பழகியவர் டிரெய்லர்ப் பெட்டியிலும் அவ்வாறே செய்துவிட்டால், திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி வண்டியின் உடல் வழியே செல்லத் தொடங்கும்; அந்நிலையில் முகாம் வடத்தின் எர்த்தோடு நியூட்ரலும் அறுந்திருந்தால், ஈரத்தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுபவருக்கு அதிர்ச்சி தாக்கும். பிளக்கைப் பிடுங்கி, அதன் நியூட்ரல் காலுக்கும் எர்த் காலுக்கும் இடையே மீட்டரை வைத்தால், தொடர்பு இல்லை என்று காட்ட வேண்டும்.

திரும்பு வழி

டிரெய்லரின் இரும்புச் சேஸிஸ் பல திரும்பு கம்பிகள் வந்து சேரும் இடம். ஒவ்வொரு கம்பியும் எந்தத் திருகில், சேஸிஸின் எந்த உறுப்பில் முடிகிறது என்பதைத் தடப்படத்தில் புள்ளியிட்டு எண் தருதல் வேண்டும். சாலை உப்பும் மழையும் அத்திருகுகளைத் துருவேற்றுவதால் அவையே முதலில் பழுதாகின்றன. கண்டினியூட்டி சோதனை மட்டும் இங்கு போதாது. பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் மீட்டர் தடையின்மையையே காட்டும். பிரேக் மின்காந்தம் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சுமார் 3 ஆம்பியரை அந்த ஒற்றை இழை சூடேறாமல், அழுத்தம் குறையாமல் சுமக்காது. ஆகவே விளக்கையோ பிரேக்கையோ இயங்கவிட்டு, அதன் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளப்பர். பத்தில் ஒரு வோல்ட் அளவாயின் நலம்; அரை வோல்ட்டைத் தாண்டினால் இடையில் துரு இருக்கலாம்.

கம்பியின் சொந்தத் தடையும் கணக்கில் சேரும். 14ஆம் எண் செப்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 8.3 ஓம் தடையுடையது. 10 மீட்டர் தொலைவிலுள்ள இரண்டு மின்காந்தங்களுக்கு 6 ஆம்பியர் போய்த் திரும்புகையில், மொத்தம் 20 மீட்டர் கம்பியில் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பாகிறது. இவ்விழப்பில் பாதி திரும்பு கம்பிக்கு உரியது.

பிற்சேர்க்கைகள்

லித்தியம் பேட்டரியும் சூரியத் தகடும் பரவிய பின் பழைய வரைபடங்கள் விரைவாகக் காலாவதியாகின்றன. லித்தியம் பேட்டரி மின்னூட்டத்தைத் தாராளமாக உறிஞ்சுவதால் இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடாதபடி, ஏழுமுனைப் பிளக்கின் மின்னூட்டக் கம்பியில் நேர்மின்னோட்ட மின்னூட்டி ஒன்றை இடையே வைக்கின்றனர். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கணிப்பான் பொருத்துபவர், ஷண்ட் எனப்படும் அளவுத்தடையைப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் இணைத்து, வண்டியின் எல்லாத் திரும்பு கம்பிகளையும் அதன் மறுபுறத்துக்கு மாற்ற வேண்டியுள்ளது. எதிர்முனைத் திருகில் முன்பே மாட்டியிருந்த கசிவுணரியின் வெள்ளைக் கம்பி படத்தில் இல்லாமல் விடுபட்டிருந்தால், அது ஷண்டைத் தொடாமலே மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். வண்டி நின்ற இடத்தில் நாட்கள் செல்லச் செல்ல, கணிப்பான் காட்டும் அளவு பேட்டரியின் உண்மை நிலையிலிருந்து மேலும் மேலும் விலகிப்போகும்.