திசைகாட்டி இல்லை... வரைபடம் இல்லை... பசிபிக்கையே கடந்த பாலினேசியர்கள் எங்கிருந்து வந்தாங்க?

வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பதுதான் பாலினேசிய முக்கோணம். உள்ளே பெரும்பாலும் கடல்தான். தீவுகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஐரோப்பியக் கப்பல்கள் எட்டிப் பார்ப்பதற்கு பல நூறு ஆண்டுகள் முன்பே இங்கே மக்கள் குடியேறிவிட்டார்கள். எப்படி?

தென் அமெரிக்காவில் இருந்து வந்தவர்களா?

அப்படித்தான் சொன்னார் நார்வேயைச் சேர்ந்த தோர் ஹேயர்டால். 1947-ல் கான்-டிகி என்ற பால்சா மரத் தெப்பத்தில் பெருவில் இருந்து கிளம்பி, 101 நாட்களில் பாலினேசியாவை அடைந்தும் காட்டினார். பயணம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் வாதம் நிற்கவில்லை.

காரணம், மொழி வேறு கதை சொல்கிறது. ஐந்து என்ற எண்ணுக்கு மலாயில் 'லிமா'. சமோவா, ஹவாய் மொழிகளிலும் 'லிமா'தான். மாவோரியில் 'ரிமா'. தைவான் பூர்வகுடிகளான பைவான் மக்களும் 'லிமா' என்றே சொல்கிறார்கள். மரபணு ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

அப்போ எந்த வழியா வந்தாங்க?

4,000 ஆண்டுகளுக்கும் முன்பு தைவானில் இருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள், பிலிப்பைன்ஸைத் தாண்டி தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே நகர்ந்தார்கள். பப்புவா நியூ கினியாவின் பிஸ்மார்க் தீவுகளில் அங்கிருந்தவர்களோடு பழகி, பிறகு கலந்தும் போனார்கள். அங்கிருந்து ஃபிஜி, டோங்கா, சமோவா வரை இவர்கள் போன தடத்தைக் காட்டுவது 'லாப்பிட்டா' என்ற புள்ளி வேலைப்பாடு கொண்ட பானை ஓடுகள். சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன்பு டோங்கா வந்தாச்சு.

அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட இடைவெளி. பிறகு கி.பி. 1000 முதல் 1300 வரையிலான காலத்தில் தாஹிட்டி, ஹவாய், ராப்பா நூயி, கடைசியாக நியூசிலாந்து என மளமளவென பரவினார்கள்.

காற்றடித்த பக்கம் ஒதுங்கியவர்களா?

இப்படியும் சிலர் வாதிட்டார்கள். ஆனால் வழிதவறிய மீனவர் படகில் நாற்றும் கோழியும் இருக்குமா? இவர்கள் குடும்பத்தோடு, சேப்பங்கிழங்கு, வாழை, பன்றி, நாய், கோழி எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். திட்டமிட்ட குடியேற்றம் அது.

1976-ல் அதற்கு நேரடி விடையும் கிடைத்தது. 'ஹோக்குலேஆ' என்ற இரட்டைப் படகு ஹவாயில் இருந்து சுமார் 4,000 கி.மீ. தூரம் ஓடி, ஒரு மாதத்துக்கும் மேலான பயணத்துக்குப் பின் தாஹிட்டியை அடைந்தது. வழிகாட்டிய மாவ் பியாய்லுக்கிடம் எந்தக் கருவியும் இல்லை. நட்சத்திரம் எழும் இடம், படகை ஆட்டும் அலையின் திசை, மாலையில் கரை திரும்பும் பறவை... இவைதான் வழிகாட்டி.

இதில் ஒரு வேதனையும் உண்டு. மாவ் ஹவாய்க்காரர் அல்ல. மைக்ரோனேசியாவின் சட்டாவால் தீவைச் சேர்ந்தவர். ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. தன் தீவின் இளைஞர்களும் கற்க முன்வராததால், வெளியாருக்குச் சொல்லித்தரக் கூடாது என்ற வழக்கத்தை மீறி ஹவாய் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்ற நைனோவா தாம்சன், 1980-ல் கருவிகள் இல்லாமலே தாஹிட்டி போய்த் திரும்பினார்.

2010-ல் மாவ் காலமானார். அவர் கொடுத்த வித்தையோடு ஹோக்குலேஆ இன்றும் கடலில் ஓடுகிறது.