சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை

சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை என்பது சென்னையின் தெற்குப் புறநகர்களை நகரத்துடன் இணைத்த, 1000 மில்லிமீட்டர் அகலம் கொண்ட மின்தொடர்வண்டித் தடம் ஆகும். சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் 1931ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை மின்தொடர்வண்டிகள் ஓடின. இந்தியாவில் மின்மயமாக்கப்பட்ட முதல் மீட்டர் பாதை இதுவே. பின்னர் இது தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை நீட்டிக்கப்பட்டதைத் தவிர, நாட்டின் வேறு எந்த மீட்டர் பாதையும் மின்மயமாக்கப்படவில்லை. இப்போது அதே வழித்தடத்தில் அகலப்பாதைத் தொடர்வண்டிகள் இயங்குகின்றன.

பின்னணி

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதைகள் 1676 மில்லிமீட்டர் அகலத்தில் அமைந்தவை. 1870இல் செலவைக் குறைக்கும் பொருட்டுக் குறுகிய மீட்டர் பாதையையும் பயன்படுத்த அன்றைய இந்திய அரசு முடிவு செய்தது. நாகப்பட்டினம் – திருச்சிராப்பள்ளிப் பகுதியில் முன்பே போடப்பட்டிருந்த அகலப்பாதைகூட அதே பத்தாண்டுகளில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே அமைத்த முதன்மைப் பாதையும் மீட்டர் பாதையே. அதன் சென்னைத் தலைவாயிலான எழும்பூர் நிலையக் கட்டிடம் 1908இல் திறக்கப்பட்டது.

1920களில் சென்னை தெற்கு நோக்கி வளர்ந்தது. மாம்பலம் ஏரிப் பகுதியில் தியாகராய நகர் உருவானதும் அந்தப் பத்தாண்டிலேயே. நீராவித் தொடர்வண்டிகள் நின்று புறப்பட அதிக நேரம் எடுத்துக்கொண்டன. அடுத்தடுத்து நிலையங்கள் உள்ள புறநகர்த் தடத்திற்கு அவை பொருந்தவில்லை. பம்பாயில் 1925 பெப்ரவரி 3 அன்று தொடங்கிய மின்தொடர்வண்டிச் சேவை முன்மாதிரியாக அமைந்தது.

தொடக்கம்

சென்னையின் மின்தொடர்வண்டிச் சேவையை 1931 ஏப்ரல் 2 அன்று மாகாண ஆளுநர் சர் சார்ச்சு பிரெடரிக் இசுடான்லி தொடங்கி வைத்தார். 1931 மே 11 முதல் முறையான சேவை நடைபெற்றது. கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் வழியாக இத்தடம் தாம்பரத்தை அடைந்தது.

புறநகர் வண்டிகளில் பயணிகள் பெட்டியிலேயே இயக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. இதனால் வண்டி விரைவாக வேகம் எடுத்தது; கடைசி நிலையத்தில் பொறியைக் கழற்றித் திருப்பி மாட்டும் வேலையும் இல்லாமல் போயிற்று. சரக்கு இழுப்பது போன்ற பணிகளுக்காக ஒய்.சி.ஜி-1 என்று பின்னர் வகைப்படுத்தப்பட்ட நான்கு மின்பொறிகள் பிரிட்டனிலிருந்து வாங்கப்பட்டன. சென்னை மக்கள் புறநகர் வண்டியை இன்றும் "எலெக்ட்ரிக் டிரெயின்" என்றே குறிப்பிடுவது இக்காலத்தின் எச்சமாகும்.

மின்னோட்ட மாற்றம்

தொடக்கத்தில் 1500 வோல்ட்டு நேர்மின்னோட்டம் பயன்படுத்தப்பட்டது. குறைந்த மின்னழுத்தத்தில் அதே திறனைத் தர அதிக மின்னோட்டம் தேவை. ஆகவே தடித்த மின்கம்பிகளும் சிறு இடைவெளிகளில் துணைமின் நிலையங்களும் வேண்டியிருந்தன. குறுகிய புறநகர்த் தடத்திற்கு இது ஏற்றது. நீண்ட தடத்திற்குச் செலவு மிகுந்தது.

1960களில் தாம்பரம் – விழுப்புரம் பகுதி 25,000 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டத்தில் மின்மயமாக்கப்பட்டது. ஒரே தடத்தில் இரு முறைகள் இருப்பதைத் தவிர்க்கக் கடற்கரை – தாம்பரம் பகுதியும் அதே பத்தாண்டில் புதிய முறைக்கு மாற்றப்பட்டது. இதற்காக சப்பானில் கட்டப்பட்ட ஒய்.ஏ.எம்-1 வகை மின்பொறிகள் இருபது வந்து சேர்ந்தன. புதிய மின்தொடர்ப் பெட்டிகளைப் பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை கட்டியது.

விழுப்புரத்திற்கு அப்பால்: டீசல் பொறிகள்

மின்கம்பி விழுப்புரத்துடன் முடிந்தது. தெற்கே செல்லும் விரைவு வண்டிகளில் அங்கு மின்பொறி கழற்றப்பட்டு, நீராவிப் பொறியோ டீசல் பொறியோ மாட்டப்பட்டது. இந்திய மீட்டர் பாதைகளில் முதல் தடப் பொறிகளான ஒய்.டி.எம்-1 வகை டீசல் பொறிகள் 1950களின் நடுவில் குசராத்தின் காந்திதாம் பகுதியில் ஓடத் தொடங்கின. தமிழகத்தில் பெருவழக்காக அமைந்தது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த ஒய்.டி.எம்-4 வகையாகும். 1961 முதல் இறக்குமதி செய்யப்பட்ட இவ்வகை, பின்னர் வாரணாசி டீசல் பொறித் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டது. சுமார் 72 டன் எடையை ஆறு அச்சுகள் பகிர்ந்து தாங்கியதால், ஓர் அச்சின் மீது 12 டன் சுமையே விழுந்தது. எடை குறைந்த தண்டவாளங்கள் கொண்ட கிளைப்பாதைகளிலும் இப்பொறி ஓட முடிந்தது இதனால்தான்.

செஞ்சி வட்டாரத்துடன் தொடர்பு

செஞ்சிக்குத் தொடர்வண்டி நிலையம் இருந்ததில்லை. கிழக்கே திண்டிவனம் வழியாக மின்மயமான சென்னை – விழுப்புரம் தடமும், மேற்கே திருவண்ணாமலை வழியாக மின்கம்பி இல்லாத விழுப்புரம் – காட்பாடித் தடமும் சென்றன. கோட்டை நகரம் இரண்டுக்கும் நடுவே ஒதுங்கி நின்றது. சென்னை செல்வோர் பேருந்தில் திண்டிவனம் சென்று தொடர்வண்டி ஏறினர்.

திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழியாக இணைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் புதிய அகலப்பாதைத் திட்டம் 2006–07ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. மீட்டர் பாதைக் காலம் சென்னையில் முடிந்த பின்னரே இவ்வூருக்குப் பாதை திட்டமிடப்பட்டது எனலாம். பணிகள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில், "இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள்" என்ற தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெசுகோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழகத்திலிருந்து அத்தொகுதியில் இடம்பெற்ற ஒரே கோட்டை இதுவாகும்.

மூடப்படுதல்

இரு அகலங்கள் சந்திக்கும் இடங்களில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டிகளையும் பொறிகளையும் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப இயலவில்லை. இதைத் தீர்க்க 1992இல் நாடு தழுவிய ஒற்றை அகலத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகச் சென்னைப் புறநகர்த் தடங்கள் ஒவ்வொன்றாக அகலப்படுத்தப்பட்டன. 2004 சூலை 1 அன்று கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை மின்தொடர்வண்டிச் சேவை நிறைவுற்றது.

பின்விளைவுகள்

மின்தொடர் பெட்டிகளும் ஒய்.ஏ.எம்-1 பொறிகளும் மின்கம்பி உள்ள மீட்டர் பாதையில் மட்டுமே ஓடக்கூடியவை. அத்தகைய பாதை நாட்டில் வேறெங்கும் இல்லாததால், தடம் மூடப்பட்டதும் அவற்றின் பணிக்காலமும் முடிந்தது. மின்கம்பி தேவைப்படாத டீசல் பொறிகளின் நிலை வேறு. ஒய்.டி.எம்-4 பொறிகள் எஞ்சிய மீட்டர் பாதைகளுக்கு மாற்றப்பட்டன; சில மியன்மார், மலேசியா போன்ற மீட்டர் பாதை நாடுகளிலும் ஓடின. தமிழகத்தின் மீட்டர் பாதைகளுள் எஞ்சியிருக்கும் நீலகிரி மலை இரயிலில், பற்சக்கரம் தேவைப்படாத குன்னூர் – உதகமண்டலம் பகுதியில் இவ்வகைப் பொறிகள் பயன்பாட்டில் உள்ளன. முதல் தலைமுறை மின்பொறிகளுள் ஒன்றான ஒய்.சி.ஜி-1 புது தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.