14 நாள் சம்பளம் யார் பொறுப்பு? கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியும் வீட்டுத் தனிமைப்படுத்தலும்

தொற்று உறுதியான ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பது ஒன்று. அவரோடு பழகிய நலமான இன்னொருவரை வீட்டைவிட்டு வெளியே வராதே என்பது வேறு. முதலாமவருக்கு அரசு உதவுகிறது. இரண்டாமவர் ஊருக்கு உதவுகிறார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வேலைக்குப் போகத் தடையாக உடம்பில் ஒன்றுமில்லை. அடுத்தவருக்கு வந்துவிடக் கூடாதே என்பதற்காக 14 நாள் உழைப்பை விட்டுக்கொடுக்கிறார். 2020, 2021 ஆண்டுகளின் கோவிட் ஆணைகள் இதைக் கடமை என்றன; மீறினால் தண்டனை என்றன. இதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று மட்டும் சொல்லாமல் விட்டன. சொல்லாமல் விட்ட செலவு கடைசியில் தினக்கூலிக்காரர் தலையில் விழுந்தது. வீட்டுத் தனிமை பொதுநலனுக்காகச் செய்யப்படும் வேலை, அதற்குக் கூலி உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொள்ளாதவரை அடுத்த தொற்றிலும் அது தோற்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காற்றோட்டமான தனி அறை வேண்டும். கூடுமானவரை தனிக் கழிப்பறையும் வேண்டும். அதே அறையில் இன்னொருவர் இருக்க நேர்ந்தால் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி. தட்டு, டம்ளர், துண்டு, படுக்கை எதையும் பகிரக் கூடாது. கவனித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் மட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை ஓரளவு கடைப்பிடிக்கலாம். புது கும்மிடிப்பூண்டி, பெத்திக்குப்பம், சித்தராஜகண்டிகை, பாப்பன்குப்பம் என சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் உருக்காலை, உருட்டாலை, வார்ப்பாலைத் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளில் எப்படிக் கடைப்பிடிப்பது?

லைன் வீடு என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். கதவுக்கு எதிரே ஒரு ஜன்னல் இருந்தால் பெரிய விஷயம். ஆணிக்கு ஆணி கட்டிய நைலான் கயிற்றில் பேண்ட், சட்டை, தோள்பை எல்லாம் தொங்கும். மூலையில் கேஸ் அடுப்பும் ஒரு பெரிய குண்டானும். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்துபோன பாயில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் படுப்பார். வரிசை முழுவதற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி, கோடியில் பொதுக் கழிப்பறை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வாடகையையும் அடுப்பையும் பகிர்ந்துகொள்வதால்தான் ஊருக்குப் பணம் அனுப்ப முடிகிறது. அவர்களில் ஒருவருக்குத் தொற்று என்றால் அறையில் உள்ள அத்தனை பேருமே நெருங்கிய தொடர்பில் இருந்தவர்கள். அவர்களை ஒன்றாக அடைத்து வைக்கலாம், தனிமைப்படுத்த முடியாது.

இதை வீட்டு உரிமையாளரின் பேராசை என்றோ கான்ட்ராக்டரின் அலட்சியம் என்றோ சொல்லி முடித்துவிட முடியாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன்கீழ் 1980இல் வந்த மத்திய விதிகளும் தங்குமிடத்துக்கு அளவு சொல்லியிருந்தன. குடும்பம் இல்லாமல் வந்தவர்களுக்கு ஒரு கூடத்தில் 10 பேர் வரை, ஆளுக்கு 6.5 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் தர வேண்டும். கும்மிடிப்பூண்டியின் லைன் வீடுகளுக்கு இந்த அளவே எட்டாக்கனி. ஆனாலும் ஒரு கான்ட்ராக்டர் இந்த விதியை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தாலும் அவருடைய ஆட்களில் ஒருவர்கூட சுகாதார அமைச்சகம் சொன்ன தனி அறையில் இருந்திருக்க மாட்டார். தொழிலாளர் சட்டம் பத்துப் பேரைச் சேர்த்துப் படுக்கச் சொன்னது. சுகாதார வழிகாட்டுதல் ஒருவரைத் தனியே படுக்கச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரிடம்தான் தொற்றுநோய் பரவ ஏதுவான அலட்சியத்துக்கு 6 மாதம் வரை சிறை என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269ஆம் பிரிவு நீட்டப்பட்டது.

இடப் பிரச்சினையைவிடக் கொடியது சம்பளப் பிரச்சினை. இதில் தேதிகளை வரிசையாகப் பார்ப்பது அவசியம். 2020 மார்ச் 20 அன்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் வேலைக்கு வராதவரையும் பணியில் இருப்பவராகக் கருதிச் சம்பளம் தருமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றிச் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஆணை மே 18 முதல் நடப்பில் இல்லை. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சம்பளத்தை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது.

இதே வாரங்களில் திருவள்ளூரில் நடந்தது என்ன? கோயம்பேடு சந்தையிலிருந்து ஏப்ரல் கடைசியில் கிளம்பிய தொற்று சுற்றுப்புற மாவட்டங்களுக்குப் பரவியது. மே மாதம் சந்தையே திருவள்ளூர் மாவட்டத்தின் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. தொழிற்பேட்டைகள் படிப்படியாகத் திறந்தன. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பகுதிகளும் மீண்டும் முழு ஊரடங்குக்குள் வந்தன. எல்லாரும் வீட்டில் இருந்தபோது சம்பளத்துக்கு ஓர் ஆணையாவது துணை இருந்தது. ஆலை திறந்து, பக்கத்து மெஷின்காரருக்குத் தொற்று வந்து, ஆள் ஆளாகப் பெயர் குறித்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது அந்தத் துணை போய்விட்டது. ஜூன் ஊரடங்குப் பகுதியில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். லைன் வீட்டுக்காரர்களிடம் தமிழ்நாட்டு அட்டை ஏது? வெளிமாநில அட்டைக்கும் பொருள் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான்.

ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு தந்தது. மருத்துவச் சிகிச்சையும் கவனிப்பும் தேவைப்பட்டு, மருத்துவக் காரணத்தால் வேலைக்குப் போக முடியாத நிலையைத்தான் அது நோய் என்றது. தொற்று உறுதியானவர் இதற்குள் வந்துவிடுவார். அவரோடு ஒரே குண்டானில் சாப்பிட்டவருக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஆகவே அவர் இந்த வரையறைக்கு வெளியே நின்றார். நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டு, நோய் பரவாமல் காப்பவருக்கு இல்லை என்ற இந்த ஓட்டை சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

விளைவு எங்கே தெரியும் என்றால், சுகாதார ஆய்வாளர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்று, யார் யாரோடு இருந்தீர்கள் என்று கேட்கும் அந்த இடத்தில். தொடர்பு அறிதல் என்ற பெரிய ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பித்தான் நடக்கிறது. பெயரைச் சொன்னால் சொல்லப்பட்டவருக்கு 14 நாள் கூலி போகும், ஓ.டி. போகும், அவர் இடத்துக்குக் கான்ட்ராக்டர் வேறு ஆளை எடுத்துவிட்டால் திரும்ப கேட் பாஸ் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஊரிலிருந்து கூட வந்தவன், அட்வான்ஸ் பணத்தில் பாதி போட்டவன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் பெயரை யார் சொல்வார்? பெயரை மறைத்தவரைப் பொறுப்பற்றவர் என்று ஏசுவது எளிது. கூட்டாளியின் சோற்றில் மண் போட மனம் வராதவர் அவர். நம்முடைய விதிகள் அவரை நன்றிக்கும் கடமைக்கும் நடுவில் நிறுத்தின. ஆந்திர எல்லை தாண்டித் தடாவுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம்: வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம், இடையில் எளாவூர்ச் சோதனைச் சாவடி.

தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் இந்த மறைப்பை வளர்த்தது. நம் ஊர்களுக்கு வீட்டுத் தனிமை புதிதன்று. அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள், வீட்டில் தாளிப்பு இருக்காது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின்தான் எல்லாம் பழையபடி. அந்த வேப்பிலையைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. அந்த வழக்கத்தை அப்படியே போற்றவும் எனக்கு மனமில்லை. அதன் சுமை முழுவதையும் வீட்டுப் பெண்கள்தான் சுமந்தார்கள். ஆனால் அதை வீட்டாரே செருகினார்கள் என்பது முக்கியம். ஸ்டிக்கரை வேறொருவர் வந்து ஒட்டினார். அதைப் பார்த்த வீட்டு உரிமையாளர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வராதே என்பார், அண்ணாச்சி கடையில் கடன் நின்றுபோகும். தகுந்த அதிகாரியின் ஆணை இருந்தாலன்றி இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 9 அன்று. முதல் அலை அடங்கியபின் வந்த நீதி அது.

செலவை யாராவது ஏற்க வேண்டும் என்பது புதுக் கோரிக்கையும் இல்லை. அரசு ஊழியருக்கான பழைய அடிப்படை விதிகளில் இதற்கென்றே ஒரு விடுப்பு இருந்தது. வீட்டில் ஒருவருக்குக் காலரா, பிளேக், பெரியம்மை போன்ற தொற்று வந்து, அதனால் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவருக்கு 21 நாள், தவிர்க்க முடியாத நிலையில் 30 நாள். அந்த நாட்களில் அவர் பணிக்கு வராதவராகக் கருதப்படமாட்டார், சம்பளமும் நிற்காது. மருத்துவ அல்லது பொதுச் சுகாதார அதிகாரியின் சான்றிதழ் போதும். ஆக, நலமானவரை வீட்டில் நிறுத்தினால் கூலி கொடுக்க வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் காலத்து நிர்வாகமே தன் குமாஸ்தாவுக்காக ஏற்றுக்கொண்டிருந்தது. உலை முன்னால் நிற்பவருக்கு அதை நீட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மற்ற இடங்களில் தோன்றியிருக்கிறது. ஜெர்மனியின் தொற்றுத் தடுப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, தனிமைப்படுத்தப்பட்டவர் இழக்கும் வருமானத்துக்கு முதல் 6 வாரம் ஈடு தருகிறது. முதலாளி முதலில் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பப் பெறுகிறார். சிங்கப்பூர் தனிமை ஆணை பெற்றவர்களுக்காக முதலாளிகளுக்கும் சுயதொழிலருக்கும் நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் டாலர் வழங்கியது. ஆனால் அதே சிங்கப்பூரில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலரும் இருந்த விடுதிகளில், சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு 2020 டிசம்பருக்குள் தொற்று வந்துபோயிருந்தது. படி மட்டும் கொடுத்து இடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம். உத்தரப் பிரதேசம் 2020 மார்ச்சில் தொற்றுக்காளான தொழிலாளர்களுக்கு 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு தர ஆணையிட்டது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்தவர் தன் ஊரில் வேலை பார்த்திருந்தால் அந்தப் பாதுகாப்பாவது இருந்திருக்கும்.

தமிழ்நாட்டு அரசுக்கும் செலவைப் பகிரத் தெரியும். 2020 ஆகஸ்டு வாக்கில் ஊருக்குப் போன வெளிமாநிலத் தொழிலாளர்களை ஆலைகள் திரும்ப அழைத்துவர விரும்பியபோது, அவர்களைத் தனிமையில் தங்கவைக்கும் பொறுப்பு அழைத்துவரும் நிறுவனத்துடையது என்று விதி வகுத்தது. உற்பத்திக்கு ஆள் தேவைப்பட்டபோது பொறுப்பாளர் கிடைத்தார். ஊர் நலனுக்காக ஆள் வீட்டில் இருக்க வேண்டியபோதும் அதே தெளிவு வேண்டும்.

பணம் கொடுத்தால் பொய்யாகத் தொடர்பு சொல்லிக்கொள்வார்கள் என்பது வழக்கமான மறுப்பு. பெயர்ப் பட்டியல் தயாரிப்பது சுகாதாரத் துறை. தொழிலாளி தானே தன்னைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. பொய்யான தொடர்பால் அரசுக்குச் சில நாள் கூலி நட்டம். மறைத்த தொடர்பால் ஒரு ஷெட் முழுவதும் படுக்கும். அடுத்த மறுப்பு, பொது முகாம்களே போதுமே என்பது. சொந்த அறை உள்ளவருக்கு வீடுதான் நல்லது. லைன் வீட்டுக்காரருக்கு ஆலைக்கு அருகில் சாப்பாடும் தனிப் படுக்கையும் உள்ள இடம் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே போவதற்கும் கூலி வேண்டும். இல்லாவிட்டால் அதைச் சிறை என்றே நினைப்பார்.

கூலி என்று சொல்லும்போது முதலாளியே இல்லாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமின் ஆண்கள் பலர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள். இன்று ஒரு மேஸ்திரி, நாளை இன்னொருவர். நெருக்கமான முகாம் வீடுகள், பொதுக் குழாய். இவர்களுக்கு விடுப்பு என்ற சொல்லே பொருந்தாது. அரசே நேரடியாக நாட்படி கொடுப்பதுதான் வழி.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 1979ஆம் ஆண்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. இந்த மாறுதல் காலத்திலேயே தமிழ்நாடு அரசு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். சுகாதார ஆய்வாளர் தரும் தனிமைச் சான்றில் உள்ள நாட்களை வேலை செய்த நாட்களாகக் கொண்டு நிறுவனம் சம்பளம் தரட்டும். அதில் ஒரு பங்கை அரசு ஈடுசெய்யட்டும். முதலாளி இல்லாதவருக்குக் குறைந்தபட்சக் கூலி அளவில் நாட்படி அரசே தரட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1897ஆம் ஆண்டு தொற்றுநோய்கள் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தடுப்பு நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவை, இழப்பீடு உட்பட, யார் எப்படி ஏற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.